தண்ணீர்த் திருவிழாவில் நனையாதவன்

எங்கள் பக்கம் ஓர் ஆம்பளை தாய்லாந்து போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவனுக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். விதைக் கம்பெனிக்காரனும் உரக் கம்பெனிக்காரனும் வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்து வைத்த புண்ணியம் அது. நாங்கள் மூன்று பேர் போனோம். திருவிழா பார்க்கப் போகிறோம் என்று உண்மையைச் சொன்னோம். அதனால்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

என் வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை. பையில் துணி எடுத்து வைத்தாள். வேட்டி ஒன்றும் வைத்தாள்.

"வேட்டி எதுக்கு?" என்றேன்.

"சாமி கும்புடத்தான போறீங்க? பேன்ட்டு போட்டுக்கிட்டா கும்புடுவீங்க?"

பையை நானே இழுத்து மூடினேன். பேசினால் இன்னொரு வேட்டி வைப்பாள்.

ஏற்பாடு செய்தவன் பாலக்கோடு தக்காளி மண்டியில் கமிஷன் பார்க்கிறவன். நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். எனக்கு லோடு கொடுப்பவன் அவன். காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். ஒரே தெருவில் வளர்ந்தோம், ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து நின்றோம். அவன் ஏற்கெனவே ஒரு தடவை விதைக் கம்பெனி செலவில் தாய்லாந்து போய்விட்டு வந்தவன். அந்த ஒரு தடவையை வைத்து இத்தனை வருடம் பேசிவிட்டான். சரக்குத் தீர்ந்துபோயிருக்க வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

சித்திரை பிறக்கும்போது அவர்களுக்கும் வருடம் பிறக்கிறதாம். சொங்க்ரான் என்று பேராம். ஊரே தெருவில் இறங்கித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுமாம். டிக்கெட் சல்லிசாம். வெள்ளிக்கிழமை பெங்களூரில் ஏறினால் திங்கட்கிழமை விடிவதற்குள் இறங்கிவிடலாமாம்.

"தண்ணி ஊத்திக்கறதுக்கு ஃபிளைட்டு ஏறணுமா? எங்க தோட்டத்துக்கு வா, மோட்டாரப் போட்டுவுடறன்," என்றான் மூன்றாமவன். சொல்லிவிட்டு அவனும் ஆதார் கார்டை எடுத்துக் கொடுத்தான். ஆதார் கார்டில் வெளிநாடு போக முடியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட் வாங்கினோம்.

இந்த மூன்றாமவன்தான் இதில் முக்கியம். தக்காளி போடுகிறவன். முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, விவசாயம். பெண் வீட்டார் வருவார்கள். தோட்டத்தைப் பார்ப்பார்கள். போர்த் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துப் பார்ப்பார்கள். நல்லாயிருக்கு என்பார்கள். பையனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி வேலை இருந்தால் இன்னும் நல்லாயிருக்கும் என்பார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறோம். வேறு யாரும் கூப்பிடுகிற மாதிரி தெரியவில்லை.

அவனுக்கு அத்தை மகள் ஒருத்தி உண்டு. எங்களுக்கு அடுத்த தெரு. தர்மபுரியில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை. வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. ஊசி குத்துகிற பெண்.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் கடைசி நாள் மஞ்சள் தண்ணி. அதில் முறை பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள். இவர்கள் மேல் ஊற்றினால் விளையாட்டு. அண்ணன் தங்கை முறைக்காரர்மேல் ஒரு சொட்டுப் பட்டால் வெட்கக்கேடு. யாருக்கு யார் என்ன முறை என்பது தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். கல்யாணம் ஆகாத முறைப்பெண் ஒருவன் தலையில் வாளி முழுக்கக் கவிழ்த்தால் ஊர் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளும். ரெண்டு நாள் கழித்துப் பெரியவர்கள் வெற்றிலைத் தட்டோடு நடப்பார்கள்.

போன வருடம் அவள் எல்லா மாமன் மச்சான் மேலும் ஊற்றிவிட்டு இவனிடம் வந்தாள். பாதி வாளி ஊற்றினாள். நிறுத்தினாள்.

"மீதி அடுத்த வருசம் மாமா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மீதியில்தான் அவன் ஒரு வருடம் உயிர் வாழ்ந்தான். தினமும் எங்களைக் கேட்பான்.

"மீதின்னா என்னாடா அர்த்தம்?"

"மஞ்சத்தூளு தீந்துபோயிருக்கும்," என்பான் கமிஷன்காரன்.

பண்டிகை வழக்கமாகப் பங்குனி நடுவில் வரும். இந்த வருடம் மேலத்தெருவும் கீழத்தெருவும் ரேடியோ செட் யார் கட்டுவது என்று அம்மன் முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தேதி தள்ளிப்போயிற்று. தள்ளித் தள்ளி, மஞ்சள் தண்ணி சித்திரை ஒன்று, திங்கட்கிழமை என்று வந்து நின்றது. நாங்கள் பெங்களூரில் இறங்குகிற அதே திங்கட்கிழமை. டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்பி வராது என்று போன் சொன்னது.

"மஞ்சத்தண்ணி எத்தன மணிக்கு? வெயிலேறித்தான? நாம விடியக்காத்தால எறங்கறோம். ஏர்போர்ட்டுல என் காரு நிக்கும். நீ டிபன் திங்கறப்ப ஊர்ல இருப்ப மாப்ள," என்றான் கமிஷன்காரன்.

மாப்பிள்ளைக்கு அது பெரிய பயமில்லை. அவன் காப்புக் கட்டியிருந்தான். போன வருடமே வேண்டிக்கொண்டானாம். என்ன வேண்டுதல் என்று நாங்கள் கேட்கவில்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் கறி கிடையாது, கட்டில் கிடையாது, மஞ்சள் தண்ணி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ஓர் இரவு தங்கக் கூடாது. நானும் கமிஷன்காரனும் கட்டவில்லை. பக்திக்கும் ஓர் அளவு வேண்டும்.

பூசாரியிடம் போனான். எங்கள் பூசாரியே ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். காப்புக் கட்டிய கையோடு ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிற பையன்களுக்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். எல்லைக்கல் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார். மண் ஆளிடம் இருக்கிறவரை ஆள் ஊருக்குள் இருக்கிற கணக்கு. கம்பெனிக்காரன் லீவு கொடுக்காவிட்டால் அம்மன்தான் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டும்.

"ஓசூருக்கா போற?" என்றார் மண்ணை முடிந்துகொண்டே.

"கொஞ்சம் அந்தாண்டங்க," என்றான் மாப்பிள்ளை.

பெங்களூர் ஏர்போர்ட்டில் சோதனை போட்ட ஆள் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். பிரசாதம் என்றேன். அந்தச் சொல்லுக்குத் திறக்காத கதவு நம் நாட்டில் இல்லை.

பாங்காக்கில் ஓட்டல் ரூமில் ரெண்டு கட்டில் இருந்தன. மாப்பிள்ளை தரையில் படுத்தான். அவன் விரதம் எங்களுக்கு வசதியாக இருந்தது. சாப்பாட்டுக்குத்தான் கஷ்டம். எதைக் கேட்டாலும் உள்ளே ஒரு மீனோ நண்டோ ஒளிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை முழுக்க அவன் மாம்பழமும் வாழைப்பழமும் தின்றான். மாங்காய்க்குப் பேர் போன மாவட்டத்திலிருந்து கடல் தாண்டிப் போய் மாம்பழம் தின்ற ஒரே ஆள்.

அன்றைக்குக் காலையில் தெருவுக்கு இறங்குவதற்கு முன் அவன் ஒரு கடைக்குள் போனான். ரெயின்கோட்டோடு வெளியே வந்தான். தலையிலிருந்து முட்டிவரை பிளாஸ்டிக். மேகம் ஒரு துண்டு இல்லை. விற்ற பெண் கடை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாடா இது?" என்றேன்.

"முறையில்லாதவங்க தண்ணி ஊத்தக் கூடாது."

"அவுங்களுக்கு நீ யாருன்னே தெரியாதுடா."

"அதத்தான் நானும் சொல்றன். இந்த வருசம் மொத தண்ணி அவ கையாலதான்."

கமிஷன்காரன் யோசித்தான். "காலைல ஷவர்ல குளிச்சியே? ஷவரு உனக்கு என்னா முறை?"

 மாப்பிள்ளை காப்புக் கட்டிய கைக்குப் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டி ரப்பர் போட்டுக்கொண்டான். மண் முடிச்சைச் சட்டை உள்பாக்கெட்டில் வைத்தான்.

இப்படியாகத் தண்ணீர்த் திருவிழாவுக்கு நாலாயிரம் மைல் நனையாமல் இருக்கப் போனோம். நாலாயிரமா இரண்டாயிரமா, எனக்குத் தெரியாது. தூரம்.

தெருவில் நான் முதலில் பார்த்தது வண்டிகளை. எல்லாம் என் வண்டி மாதிரி பிக்கப். நான் தக்காளிக் கிரேட் அடுக்குகிற இடத்தில் அவர்கள் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் ஐஸ் பாறையைப் போட்டு, சுற்றி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். ஆள் ஏற்றுவதற்கு எங்கள் ஊரில் கேஸ் போடுவார்கள். அங்கே போலீஸ்காரரே ஓரமாக நின்று நனைந்துகொண்டிருந்தார். யாரும் யாரையும் முறை கேட்கவில்லை. கிழவன் மேல் குழந்தை ஊற்றியது. முதலாளி மேல் வேலைக்காரன் ஊற்றினான். ஊற்றிவிட்டுக் கன்னத்தில் வெள்ளை மாவைக் குழைத்துத் தடவினார்கள். தடவிவிட்டுக் கும்பிட்டார்கள். எவ்வளவு மரியாதை. ஐஸ் தண்ணீர் முதுகில் இறங்கும்போது நானும் கும்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் ரெண்டு பேரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் நனைந்திருக்கிற தெருவில் ஒருவன் மட்டும் காய்ந்து நின்றால் என்ன ஆகும்? ஊரே அவனுக்காகத்தான் காத்திருந்த மாதிரி ஆயிற்று. முதலில் ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளை பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். அவர்களுக்குக் கும்பிட்டால் வணக்கம் என்று அர்த்தம். எல்லோரும் வரிசையாக நின்று திருப்பிக் கும்பிட்டார்கள். பிறகு வரிசையாக ஊற்றினார்கள். ரெயின்கோட் தாங்கியது. தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கிணற்றடியில் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி அவன் சுவரோரமாக நகர்ந்தான். அடுத்த கூட்டம் வந்தது. மறுபடி கும்பிட்டான். மறுபடி வணக்கம்.

கமிஷன்காரன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான். 'முறைமாமனுக்கு வந்த சோதனை' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டான். அவன் நண்பன். நண்பர்கள் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ரூமை விட்டு வர மாட்டேன் என்றான். ராத்திரி ஃபிளைட்டு. அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன் என்றான். கமிஷன்காரன் விடவில்லை.

"கோயிலுக்குப் போவலாம் மாப்ள. கோயில்ல சத்தமில்லாம இருக்கும். சின்னக் கிண்ணத்துல சிலைக்குத்தான் ஊத்துவாங்க. போன தடவ பாத்தன்."

போன தடவை அவன் எதைப் பார்த்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் அவன் சொன்னது சரியாக இருந்தது. ஆற்றோரம் ஒரு கோயில். உள்ளே சின்ன புத்தர் சிலைக்கு வரிசையில் நின்று பூப்போட்ட தண்ணீரைக் கிண்ணத்தால் ஊற்றினார்கள். வயதானவர்களை நாற்காலியில் உட்காரவைத்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குனிந்தார்கள். சத்தமில்லை. மாப்பிள்ளை ரெயின்கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். ரெண்டு நாளில் முதல் தடவையாக அவன் முகம் தெரிந்தது.

கோயில் முற்றத்தில் ஒரு பக்கம் மணல் குவித்து வைத்திருந்தார்கள். சின்னதும் பெரியதுமாக மணல் கோபுரங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கலர்க் காகிதக் கொடி. ஆட்கள் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். கொடி விற்கிற அம்மா ஒருத்தி, தடித்த உடம்பு, ஐம்பது வயது இருக்கும், எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டு தானும் ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அதை உட்கார்ந்து பார்த்தான். மண்ணில் வேலை செய்கிறவன் மண்ணைக் கண்டால் உட்கார்ந்துவிடுவான்.

வியர்வையில் முடிச்சு நனைந்துவிட்டதா என்று பார்க்க உள்பாக்கெட்டிலிருந்து அதை எடுத்தான். பிரித்தான். மண் காய்ந்துதான் இருந்தது. செம்மண். அந்த அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. ரெண்டு கையாலும் துணியோடு வாங்கினாள். கும்பிட்டாள். அப்படியே தன் கோபுரத்தின் தலையில் கொட்டினாள். மேலே தண்ணீர் தெளித்து, கையால் தட்டி, ஒரு கொடியையும் நட்டுவிட்டாள். துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"டேய். ஊரு," என்றான்.

கமிஷன்காரன் போனை எடுத்தான். தமிழில் பேசினால் அவர்கள் பாஷையில் எழுதிக் காட்டும். "அது எங்க ஊரு மண்ணு, திருப்பிக் கொடுங்க," என்று பேசி நீட்டினான். அந்த அம்மா படித்தாள். அவளும் போனில் பேசினாள். தமிழில் வந்தது. கோயிலுக்கு வந்துபோகிறவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு வருடம் முழுக்கக் கோயில் மண் வெளியே போய்விடுகிறது. அது பாவம். அதனால் வருடப் பிறப்புக்கு எல்லோரும் மண் கொண்டுவந்து திருப்பிப் போடுகிறார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் கொண்டுவந்ததில்லை. உங்களுக்கு நிறைய புண்ணியம். போட்ட மண்ணை எடுக்கக் கூடாது.

செம்மண் அதற்குள் மணலோடு குழைந்துபோயிருந்தது. பிரிக்கவும் முடியாது. பிரித்தால் அவர்கள் சாமி கோபிக்கும். விட்டால் எங்கள் சாமி.

மாப்பிள்ளை கோபுரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரிடா. ஏர்போர்ட்டுக்குப் போவணும்," என்றேன்.

"மண்ணு இங்கதான இருக்குது? இங்க இருந்தாத்தான் நான் ஊருக்குள்ள இருக்கற கணக்கு. இத வுட்டு எந்திரிச்சா எல்லை தாண்டுன மாதிரி."

"இங்கயே ஒக்காந்திருந்தா நாளைக்கு மஞ்சத்தண்ணிக்கு யாரு போறது?"

"அதான் தெரியில," என்றான். கண் கலங்கியிருந்தது. "காப்ப முறிச்சிட்டு அவ முன்னால போயி நின்னா, அவ ஊத்தற தண்ணி விளங்குமாடா?"

சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. ஒரு வருடமாக அரை வாளித் தண்ணீரை நெஞ்சில் சுமந்தவன். எழுந்தாலும் போச்சு, உட்கார்ந்தாலும் போச்சு.

"பூசாரிக்கே போனப் போடு," என்றான் கமிஷன்காரன். அந்தப் பயணத்திலேயே அவன் பேசிய ஒரே உருப்படியான பேச்சு.

வீடியோ காலில் பூசாரி வந்தார். பின்னால் பம்பை அடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள். மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னான். பூசாரிக்கு அவன் தலைக்குப் பின்னால் தெரிந்த தங்கக் கோபுரத்தின் மேல்தான் கண்.

"இது எந்தக் கோயிலு? பெங்களூரு பக்கம் ஒசகோட்டையா?"

"இல்லீங்கண்ணா. பாங்காக்குங்க."

பூசாரி பம்பைக்காரரைக் கை காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் அந்தாண்டன்னியேடா."

"கொஞ்சம் அந்தாண்டதாங்கண்ணா."

பூசாரி திட்டினார். அதை எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு, ஷிஃப்ட் சூப்பர்வைசர் மாதிரி விசாரித்தார்.

"மண்ண எங்க கொட்டுனாங்க? காலு படற எடமா?"

"இல்லீங்க. கோபுரம் மாதிரி கட்டி, மேல வெச்சிருக்காங்க. கொடி நட்டுட்டாங்க."

"கொடி நட்டுட்டாங்களா? காட்டு."

காட்டினான். பூசாரி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எல்லை மண்ணக் கொண்டுபோயிக் கொட்டி, கொடியும் நட்டா என்னாடா அர்த்தம்?"

"என்னாங்கண்ணா?"

"எல்லை அதுவரைக்கும் வந்துடுச்சின்னு அர்த்தம். இந்தாண்ட எல்லைக்கல்லு இங்க. அந்தாண்ட எல்லைக்கல்லு அங்க. நடுவுல இருக்கறதெல்லாம் ஊருதான். நீ வானத்துல பறந்து வந்தாலும் ஊருக்குள்ளாறதான் வர்ற. எந்திரிச்சி வாடா மொதல்ல."

வெளிநாட்டை ஜெயிக்க ராஜாக்கள் கப்பல் கப்பலாகப் படை கொண்டுபோனார்களாம். எங்கள் பூசாரி ஒரு பிடி மண்ணில் முடித்துவிட்டார். நடுவில் இருந்த கடல், பர்மா, சென்னை, வேலூர் எல்லாம் அன்றைக்கு எங்கள் ஊரில் சேர்ந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை எழுந்தான். அந்த அம்மா கிண்ணத்தில் பூத்தண்ணீர் எடுத்துக்கொண்டு அவன் தோளில் ஊற்ற வந்தாள். ஆசீர்வாதம். இவன் ரெண்டு அடி பின்னால் குதித்தான். கமிஷன்காரன் போனை வாங்கி அவனே பேசினான். ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு அது ஊத்தணும். அதுக்கு முன்னால யாரும் ஊத்தக் கூடாது.

அந்த அம்மா படித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் மணல் கட்டிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர் எழுந்து அவனைச் சுற்றி வேலி மாதிரி நின்றுகொண்டார்கள். கோயில் வாசல் வரைக்கும், வாசலைத் தாண்டி டாக்சி வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் தண்ணீர்த் துப்பாக்கியோடு வந்தவர்களை அந்த அம்மா கையை ஓங்கி விரட்டினாள். மாப்பிள்ளை கோழிக்குஞ்சு மாதிரி நடுவில் நடந்தான். ஒரு சொட்டுப் படவில்லை. வேலிக்கு வெளியே வந்த எங்கள் ரெண்டு பேருக்கும் அவன் பங்கும் சேர்த்துக் கிடைத்தது.

திங்கட்கிழமை பெங்களூரில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஊருக்குள் கார் திரும்பியதும் பார்த்தோம். மஞ்சள் தண்ணி ஆரம்பித்துவிட்டார்கள். தெருவெல்லாம் மஞ்சள்.

எங்களுக்கு முன்னாலேயே ஸ்டேட்டஸ் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. ரெயின்கோட்டைப் பார்க்காதவர்கள் இல்லை. மாப்பிள்ளைக்கு முறைப்பெண்கள் ஊரில் ஏழெட்டுப் பேர். சித்தியின் நாத்தனார் மகள் வரைக்கும் கணக்கு உண்டு. கார் நின்றதும் எல்லோரும் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

"ரெயின்கோட்டு மாமா வந்துட்டாருடி!"

"பாங்காக்குல தப்பிச்சிட்ட மாமா. இங்க எங்க போவ?"

மாப்பிள்ளை ஒரு காலை வெளியே வைத்திருந்தான். உள்ளே இழுத்துக்கொண்டான். கதவைச் சாத்தி லாக் போட்டான். இவர்களுக்கு முறை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. குடம் குடமாகக் கார்மேல் கொட்டினார்கள். என்னோடு இறங்கி நின்ற கமிஷன்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். போன மாதம்தான் வாங்கிய வெள்ளைக் கார்.

"மாப்ள, கதவத் தொறடா. சீட்டு நனைஞ்சாலும் பரவால்ல. பெயின்ட்டுடா!"

அவன் திறக்கவில்லை. மஞ்சள் வழிகிற கண்ணாடி வழியாகத் தெருவைத் தேடினான். அத்தை வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். கையில் வாளி. வரவில்லை. இங்கே நடக்கிற கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்ற நேரம் எனக்கே கஷ்டமாக இருந்தது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

பிறகு நடந்து வந்தாள். அவசரமில்லை. "ஓரமா நில்லுங்கடி," என்றாள். நின்றார்கள். லேபிலும் அப்படித்தான் சொல்லுவாள் போல.

விரலால் கண்ணாடியில் தட்டினாள். அவன் கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கினான்.

"என்னா மாமா? கண்ணாடிக்குள்ள ஒக்காந்துக்கிட்டேதான் தாலி கட்டற மாதிரி உத்தேசமா?"

தெருவில் சத்தம் நின்றுவிட்டது. திண்டாடிப் போனது பெரியவர்கள்தான். காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை இறங்கினான். மூன்று நாள் பழம் தின்ற உடம்பு. தூக்கமில்லாத கண். மடித்த ரெயின்கோட் கையில் இருந்தது; அதை என்னிடம் கொடுத்தான். அவள் முன்னால் போய் நின்றான்.

"அங்க நெஜமாவே ஒரு சொட்டுகூட மேல பட வுடலயா?"

"வுடல."

"எதுக்கு?"

அதை அவனுக்குச் சொல்லத் தெரியாது. தக்காளி விலை கேட்டால் சொல்லுவான்.  அவள் வாளியைத் தூக்கினாள். மெதுவாக ஊற்றினாள். பாதியில் நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து, அடியில் தங்கிய மஞ்சளையும் கையால் வழித்து அவன் நெற்றியில் அப்பினாள்.

"குளுருதா?" என்றாள்.

"இல்ல," என்றான். பல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆரம்பமே பொய்யிடா," என்றான் கமிஷன்காரன், காரைத் துடைத்துக்கொண்டு.

யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. நடுத்தெருவில் அவர்கள் ரெண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. டிராக்டர்காரன் ரெண்டு தடவை அடித்துப் பார்த்தான். பிறகு பின்னால் எடுத்து, கீழத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான்.